சாறு யாருக்கு, சக்கை யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் இணைப்பிதழில் புரதச் சத்து பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சும்மா, இரண்டாம் தடவை கையில் பேனாவோடு. இரண்டு இடங்களை அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஒன்று, ராகியைப் 'புரதச் சுரங்கம்' என்று எழுதியிருப்பது. இன்னொன்று, பருப்புத் தண்ணீர், கொள்ளு ரசம், ஆட்டுக்கால் சூப் இவற்றைக் கொடுத்தாலே குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் வேண்டிய புரதம் கிடைத்துவிடும் என்பது. இரண்டும் தவறு. முதலாவதால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. இரண்டாவதை அப்படியே விட மனம் வரவில்லை. அந்தத் தவறை நானே என் வீட்டில் செய்திருக்கிறேன்.

பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் 1984 முதல் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு என்று கிராம் கணக்கில் பதிவேடு எழுதி எழுதி, இன்றைக்கும் கடையில் பருப்பு வாங்கினால் கை தானாக எடை பார்க்கும். டாக்டருக்குப் படித்தவள் இல்லை. ஆனால் சட்டியில் என்ன இருக்கிறது, தட்டில் என்ன விழுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் என் வேலை.

ராகியை முதலில் முடித்துவிடுகிறேன். 100 கிராம் ராகியில் சுமார் 7 கிராம் புரதம். அரிசியும் ஏறத்தாழ அவ்வளவுதான், ஒரு பிடி கூடவே இருக்கும். ராகியின் பெருமை சுண்ணாம்புச் சத்து. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 பட்டியலில் 100 கிராம் ராகிக்கு 364 மில்லிகிராம் கால்சியம் போட்டிருக்கிறார்கள். வெள்ளை அரிசியில் அது 10 மில்லிகிராம்கூட இல்லை. தருமபுரிக்காரியே ராகியைக் குறைத்துப் பேசலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டார்கள். குறைத்துப் பேசவில்லை. இல்லாத பெருமையை ஏற்றினால் இருக்கிற பெருமை மறந்துபோகும், அதற்காகத்தான் சொல்கிறேன்.

இனி என் வீட்டுக் கதை. என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேரனுக்கு ஆறு மாதம் முடிந்ததும் பருப்புத் தண்ணீர் ஆரம்பித்தோம். துவரம்பருப்பைக் குழைய வேகவைத்து, அசைக்காமல் வைத்து, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் தண்ணீரை மட்டும் வடித்து, ஒரு கல் உப்பு, இரண்டு சொட்டு நெய் விட்டுப் பாலாடையில் ஊற்றினேன். என் அம்மா எனக்குச் செய்ததும், நான் என் மகளுக்குச் செய்ததும் அதுவேதான். ஒன்பதாம் மாதம் அங்கன்வாடியில் எடை போட்டார்கள். அட்டையில் கோடு மேலே ஏறவே இல்லை, மூன்று மாதமாக மட்டமாக ஓடியிருந்தது. அங்கன்வாடிப் பணியாளர் ஒரு காலத்தில் என் கையால் சாப்பிட்ட பெண்தான்.

"தண்ணியப் பிள்ளைக்கு ஊத்தறீங்க, சரி. பருப்ப யாருக்குப் போடறீங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

"மருமவனுக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

100 கிராம் துவரம்பருப்பில் புரதம் சுமார் 22 கிராம். அது பருப்பிலேயே இருக்கிறது. வேகும்போது தண்ணீரில் இறங்குவது நிறமும் மணமும் கொஞ்சம் உப்புச் சத்துகளும்தான். புரதத்தில் கரைந்து வருவது சொற்பம். இத்தனூண்டு வயிற்றை அந்தத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் பிறகு சோற்றுக்கு அங்கே இடம் ஏது? மறுநாளிலிருந்து பருப்பையும் சோற்றையும் சேர்த்து மசித்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, கரண்டியைக் கவிழ்த்தால் வழிந்து ஓடாத கெட்டியில் ஊட்டினோம். கோடு மெதுவாக ஏற ஆரம்பித்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அளந்து போட்டவள், சொந்தப் பேரனுக்கு மூன்று மாதம் தண்ணீர் காட்டியிருக்கிறேன்.

கொள்ளுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் புரட்டாசி, ஐப்பசியில் மானாவாரிக் காட்டில் எதுவும் வராத மண்ணிலும் கொள்ளு வரும். நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவிடம் ஒரு ஜோடி எருது இருந்தது. அம்மா பெரிய மண்சட்டியில் கொள்ளு வேகவைப்பார். தண்ணீரை இறுத்துப் பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு ரசம் வைப்பார், அது எங்களுக்கு. வெந்த கொள்ளில் இரண்டு கை எடுத்து அப்பாவுக்குக் கடைசல். மீதியெல்லாம் தவிட்டோடு கலந்து எருதுகளுக்கு. எருதுகள் மினுமினு என்று இருக்கும். என் தம்பிக்கு விலா எலும்பை எண்ணலாம். காய்ந்த கொள்ளு 100 கிராமில் 22 கிராம் புரதம், துவரைக்குச் சமம். 30 கிராம் கொள்ளைச் சக்கையோடு சாப்பிட்டால் ஒரு முட்டையில் உள்ள 6 கிராம் வந்துவிடும்.

இதற்கு மேலே ஒரு பழமொழி வேறு: இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. இதை நம்பி, ஒல்லியாக இருக்கிற பெண் கொள்ளைத் தொட்டால் இன்னும் வற்றிப்போவாள் என்று தடுக்கிற மாமியார்களை இன்றைக்கும் காட்டமுடியும். கொள்ளு தின்று எந்தக் குதிரை வற்றிப்போனது?

ஆட்டுக்கால் சூப்பும் இதே சங்கதிதான். காய்ச்சல்காரருக்கு நெஞ்சுக்கு இதமாக இருக்கும், நானும் வைத்துக் கொடுப்பேன். ஆனால் எலும்பிலிருந்து இறங்கும் பசை ஜெலட்டின். டிரிப்டோபன் என்ற ஒரு முக்கியமான சரக்கு அதில் அறவே கிடையாது. காலில் ஒட்டியிருக்கும் இரண்டு துண்டுக் கறியைக் கடித்துச் சாப்பிடுகிறவருக்குத்தான் உருப்படியாக ஏதாவது சேரும்.

'முக்கியமான சரக்கு' என்றதை விளக்க வேண்டும். தங்கள் கட்டுரை அமினோ அமிலம் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டது. புரதம் என்பது ஒரே பொருள் இல்லை. இருபது வகை அமினோ அமிலங்களை வெவ்வேறு வரிசையில் கோத்தால் வெவ்வேறு புரதம். தசை, தோல், முடி, வாங்கும் மூச்சை ரத்தத்தில் சுமந்து போகிற ஹீமோகுளோபின், நோயோடு சண்டை போடுகிற எதிர்ப்பொருள் எல்லாம் இப்படிக் கட்டியவைதான். சாப்பிட்ட புரதத்தை வயிறும் குடலும் அமினோ அமிலம் என்னும் கல் கல்லாகப் பிரித்துவிடும். உடம்பு அதை எடுத்துத் தனக்கு வேண்டிய சுவரைக் கட்டும். இருபதில் ஒன்பது வகைக் கல்லை உடம்பால் செய்ய முடியாது, வெளியிலிருந்துதான் வரவேண்டும். சூப்பில் இல்லை என்றேனே, அந்த டிரிப்டோபன் இந்த ஒன்பதில் ஒன்று. எங்கள் ஊரில் கருங்கல் சுவர் வைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மூலைக்கல் தீர்ந்துபோனால் மற்ற கல் மலையாகக் குவிந்து கிடந்தாலும் கொத்தனார் கரணையை வைத்துவிட்டு பீடி பற்றவைக்கப் போய்விடுவார். அரிசிக்கும் ராகிக்கும் லைசின் என்ற கல் குறைச்சல். பருப்பு, கொள்ளு, அவரை, மொச்சையில் அது தாராளம். பயறுகளுக்கு மெத்தியோனின் குறைச்சல், அது தானியத்தில் உண்டு. ராகியில் இன்னும் நன்றாகவே உண்டு. களிக்குக் கொள்ளுக் கடைசலும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்தவர்கள் யாரும் லைசினைப் படிக்கவில்லை. ஆனால் கணக்கு சரியாக விழுந்திருக்கிறது. ஒரே வேளையில் இரண்டும் சேர வேண்டும் என்றுகூட இல்லை, காலையில் ஒன்று மத்தியானம் ஒன்று என்றாலும் உடம்பு சேர்த்துக்கொள்ளும். மிஞ்சிய கல்லை மட்டும் அடுக்கி வைக்காது. கொழுப்புக்கு இருப்பது போலப் புரதத்துக்கு உடம்பில் கிடங்கு கிடையாது. மிஞ்சியதை எரிக்கும் அல்லது கொழுப்பாக்கும், கழிவு சிறுநீரில் போய்விடும். தீபாவளிக்கு ஒரு கிலோ கறி தின்றுவிட்டு மாதம் முழுக்க ரசம் என்பது கணக்குக்கு ஆகாது.

அந்தக் கட்டுரையில் இல்லாத ஒரு பெயரையும் சொல்ல ஆசை. ஊட்டச்சத்து விஞ்ஞானி சி. கோபாலன் 1918இல் சேலத்தில் பிறந்தவர். 1965 வரை எங்கள் தருமபுரியும் சேலம் ஜில்லாதானே, அந்த உரிமையில் எங்கள் ஆள் என்றே சொல்லிக்கொள்வேன். ஹைதராபாத் நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தவர். உலகமே புரதப் பஞ்சம், புரதப் பஞ்சம் என்று பேசிய காலத்தில், நம் ஏழைக் குழந்தைகளுக்கு முதலில் குறைவது வயிறார உணவு என்று அவர் எடுத்துச் சொன்னார். வயிறு நிறைய தானியமும் பருப்பும் கிடைத்தால் புரதமும் பெரும்பாலும் கூடவே வந்துவிடும் என்பது அவர் வாதம். சோறு போதாத உடம்பு, கொடுத்த புரதத்தையும் அடுப்பில் போட்டு எரித்துவிடும். விறகில்லாத வீட்டில் கட்டில் காலை உடைத்து உலை வைப்பது மாதிரி.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2020இல் வெளியிட்ட அளவு, பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். என் எடை 52 கிலோ. ஆக எனக்கு 43 கிராம். என் ஒரு நாள் தட்டை நானே எழுதிப் பார்த்தேன். அரிசி 200 கிராம், அதில் 16. ராகி மாவு 100 கிராம், அதில் 7. பருப்பு 40 கிராம், அதில் 9. இரண்டு வேளை காப்பிக்கு ஊற்றும் பால் 150 மில்லி, அதில் 5. ஒரு முட்டை, 6. கூட்டினால் சரியாக 43. முட்டை இல்லாத நாளில் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை போட்டு நேர் செய்துகொள்வேன். தங்கள் படத்தில் இருந்த பாதாமும் பனீரும் அந்த ரோஸ் நிற மீனும் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. வராததால் யாருக்கும் குறையுமில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த 40 கிராம் பருப்பு என்பது நானே சமைத்து, நானே போட்டுக்கொள்வதால் வந்த 40 கிராம். ஆறு பேர் உள்ள வீட்டில் சாம்பார்ச் சட்டியை ஒரு நாள் உட்கார்ந்து கவனியுங்கள். வீட்டு ஆண்களுக்குக் கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி எடுப்பார்கள். பள்ளிக்கூடம் போகிற பையனுக்கும் அப்படியே. பெண்பிள்ளைக்கு நடுவிலிருந்து. மருமகள் கடைசியாக உட்காரும்போது சட்டியில் புளித்தண்ணீரில் ஒரு முருங்கைக்காய் மிதக்கும். வீட்டுக்கு வாங்கிய பருப்பைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் போடும் கணக்கு எதிலும் இது வராது.

அவள் பிள்ளை பெற்றவளாக இருந்தால் இன்னும் மோசம். பாலூட்டும் முதல் ஆறு மாதம் தாய்க்கு வழக்கமானதைவிட நாளொன்றுக்கு 17 கிராம் கூடுதல் புரதம் வேண்டும் என்கிறது அதே ஐ.சி.எம்.ஆர். நாம் அப்போதுதான் பத்தியம் என்று பருப்பை நிறுத்துகிறோம், குழந்தைக்கு மாந்தம் வருமாம். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், சுட்ட அப்பளம். இத்தனைக்கும் அதே பெண் வயதுக்கு வந்தபோது உளுந்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்துத் தாங்கியவர்கள்தான் நாம். அங்கேயும் ஒரு சின்னத் திருத்தம் வேண்டும். முட்டையைப் பச்சையாக உடைத்து வாயில் ஊற்றுவதில் பாதிப் புரதம்தான் உடம்பில் சேரும். வேகவைத்தால் பத்தில் ஒன்பது பங்கு சேரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுதபடி குடித்த பெண்களுக்கெல்லாம் நாம் ஒரு மன்னிப்பு பாக்கி வைத்திருக்கிறோம்.

முட்டை என்றதும் 1989 ஞாபகம் வருகிறது. சத்துணவில் அப்போதுதான் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை போட ஆரம்பித்தார்கள். முதல் நாள் குண்டானில் வேகும்போதே ஒன்றாம் வகுப்பு முழுக்கச் சமையல்கூட வாசலில் வந்து நின்றுவிட்டது. அட்டையைப் பார்த்து எண்ணி, தண்ணீரில் போட்டு மிதப்பதை ஒதுக்கி, வேகவைத்து, மறுபடி எண்ணி, உரித்து, மறுபடி எண்ணி. படிப்படியாகக் கூடி 2010இல் வாரத்துக்கு ஐந்து முட்டை ஆயிற்று. பிள்ளைகள் தங்களுக்குள் பண்டமாற்று செய்வார்கள்: எனக்கு வெள்ளை, உனக்கு மஞ்சள். மஞ்சள் வாங்கிய பிள்ளை ஏமாந்தது என்று சொல்ல முடியாது. முட்டையின் 6 கிராமில் ஏறக்குறைய 3 மஞ்சளில்தான் இருக்கிறது. இப்போது ஜிம்முக்குப் போகிற என் அண்ணன் பேரன் நாலு முட்டை அவித்து மஞ்சளையெல்லாம் நாய்க்குப் போடுகிறான். பிறகு டப்பாவில் புரதப் பவுடர் வாங்கிக் கரைத்துக் குடிக்கிறான். நாய் நன்றாக இருக்கிறது.

பவுடரைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. டாக்டர் சொல்லிச் சாப்பிடுகிறவர்கள் சாப்பிடட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பவுடர் மட்டுமில்லை, பருப்பின் அளவையும் டாக்டரைக் கேட்டுத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கும் மாவு டப்பாவை வாங்குகிறவர்கள் அதன் முதுகில் பொடி எழுத்தில் சர்க்கரை எத்தனை கிராம் என்று ஒரு தடவை படித்துவிட்டு வாங்கினால் போதும்.

சவலை என்று ஒரு சொல் நம்மிடம் உண்டு. கைப்பிள்ளை இருக்கும்போதே தாய் அடுத்ததை உண்டாகிவிட்டால், பால் மறந்து நோஞ்சானாகப் போகிற மூத்தது சவலை. 1930களில் இன்றைய கானா நாட்டில் வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், கால் வீங்கி, வயிறு உப்பி, முடி செம்பட்டையாகிக் கிடந்த குழந்தைகளைப் பார்த்தார். அந்த ஊர்த் தாய்மார் அந்த நோய்க்கு வைத்திருந்த பெயரையே மருத்துவ உலகுக்குச் சொன்னார்: குவாஷியோர்கர். அடுத்த பிள்ளை வந்ததும் மூத்ததைப் பிடிக்கிற நோய் என்று பொருளாம். புரதக் குறைவு மட்டுமே அதற்குக் காரணமில்லை என்று பின்னால் வந்தவர்கள் சொல்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படிக் கால் வீங்கிய பிள்ளைகள் இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளையின் பாதத்தில் விரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கும். மாரியம்மன் கோயிலில் மந்திரித்த கயிறு கட்டியிருந்தார்கள். தாயைக் கேட்டால், "அரிசிக் கஞ்சி குடுக்கறேங்க, தண்ணியா, நல்லாக் குடிக்குது" என்றார்.

தண்ணீராகக் கொடுப்பது முதுமையில் மறுபடி ஆரம்பிக்கிறது. என் அம்மாவுக்கு 84 வயது. பல் போனதும் நாங்களாகவே கஞ்சி, ரசஞ்சாதம், ரஸ்க் என்று மாற்றிவிட்டோம். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்தக் காலத்துப் பெண்கள் எதைத்தான் சொன்னார்கள்? ஒரே வருஷத்தில் தொடைச் சதை வற்றி, திண்ணையிலிருந்து எழும்போது விழுந்தார். நல்லவேளை எலும்பு தப்பியது. வயதாக ஆகத் தசை தானாகவே கரையும், அப்போது புரதத்தையும் குறைத்தால் இரட்டை நஷ்டம். இப்போது ஊறவைத்த கொள்ளையோ பாசிப்பயறையோ குக்கரில் ஆறு விசில் விட்டு மத்தால் கடைந்து, களியில் குழிபண்ணி ஊற்றிக் கொடுக்கிறேன். முட்டையை அவித்து உதிர்த்துச் சோற்றில் பிசைந்தால் பல்லே வேண்டாம். நடையில் தெம்பு தெரிகிறது. போன வாரம் எனக்குத் தெரியாமல் வேலி வரை போய் அவரை பறித்துக்கொண்டு வந்துவிட்டார்.

தங்கள் நாளிதழ் மூலம் அரசுக்கும் ஒரு வார்த்தை. 2023இல் நீலகிரியோடு எங்கள் மாவட்டத்து ரேஷன் கடைகளிலும் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல காரியம். கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும் கிடைக்கிறது. கூடவே ஒரு கிலோ கொள்ளும் போடலாம். கிருஷ்ணகிரி மாவட்டம் பையூர் ஆராய்ச்சி நிலையம் பையூர் 1, பையூர் 2 என்று கொள்ளு ரகங்களே வெளியிட்டிருக்கிறது. விதையும் இங்கே இருக்கிறது, காடும் இங்கே இருக்கிறது. வாங்க ஆள் இருந்தால் மானாவாரிக்காரர் விதைப்பார்.

தங்களிடம் நான் கேட்பது சிறிய திருத்தம். வரும் ஞாயிறு இணைப்பில், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், பருப்புத் தண்ணீர் பற்றிய வரி தவறு என்று போடுங்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எங்கள் ஊர் அங்கன்வாடிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அதன் மேலேயே திருத்தத்தையும் ஒட்டச் சொல்லி, பசைக்கு மைதா காய்ச்சித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.